மெட்ரோவுக்கு அயல்நாட்டு ரயில்: வாசகர் கேள்வி – பதில்

முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓடித் தேய்ந்த மெட்ரோ ரயில்களுக்கு மாற்றாக அயல்நாட்டில் செய்த ரயில்களை வாங்குவது சரியா என்பதைப் பற்றி வந்த கேள்விகளுள், ஒன்றோடொன்று தொடர்புடையவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நகர மெட்ரோ ஒன்று பழைய ரயில்களைக் கழித்துவிட்டுப் புதியவற்றை அயல்நாட்டு நிறுவனத்திடம் வாங்கும்போதெல்லாம், ‘நம் வரிப்பணம் வெளியே போகிறதே’ என்ற குரல் எழுகிறது. அதில் நியாயம் இருக்கிறதா, அல்லது அது வெறும் உணர்ச்சிதானா?

பதில்: நியாயம் இருக்கிறது. அதை வெறும் உணர்ச்சி என்று தள்ளிவிடுவோர், அந்தக் குரல் எழுகிற ஊர்களின் வரலாற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இங்கிலாந்தின் வடகிழக்கில் நியூகாசில் நகரையும் அதன் சுற்றுப்புறங்களையும் இணைக்கும் டைன் அண்ட் வியர் மெட்ரோவைப் பாருங்கள். 1980இல் திறக்கப்பட்ட அந்த மெட்ரோவின் முதல் ரயில்களைப் பர்மிங்காமின் மெட்ரோ-கேமல் தொழிற்சாலை செய்து கொடுத்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2020 ஜனவரியில், அவற்றுக்கு மாற்றாக 42 ரயில்களை வாங்கும் 36 கோடியே 20 லட்சம் பவுண்டு ஒப்பந்தம் ஸ்விட்சர்லாந்தின் ஸ்டாட்லர் நிறுவனத்துக்குப் போயிற்று. அதே வட்டாரத்தில், நியூட்டன் அய்க்ளிஃப் என்ற ஊரில், ஹிட்டாச்சி நிறுவனத்தின் ரயில் தொழிற்சாலை 2015 முதல் இயங்கிவருகிறது. அந்த நிறுவனமும் போட்டியில் இருந்து தோற்றது. 1825இல் ஸ்டாக்டன்–டார்லிங்டன் ரயில்பாதை திறக்கப்பட்ட மண் அது. நிலக்கரிச் சுரங்கங்களும் கப்பல் கட்டும் தளங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டதைக் கண்ணால் பார்த்த மக்கள், தங்கள் ஊரில் ஓடப்போகும் ரயிலாவது தங்கள் கையால் செய்யப்பட வேண்டும் என்று எதிர்பார்த்ததில் என்ன தவறு இருக்கிறது?

ஆனால் அந்த வாதத்தில் பெரும்பாலும் பேசப்படாமல் போன செய்தி ஒன்று உண்டு. ஸ்டாட்லருடன் செய்த ஒப்பந்தம் ரயில்களைச் செய்து தருவதோடு முடியவில்லை. கோஸ்ஃபோர்த் பணிமனையை இடித்துப் புதிதாகக் கட்டுவதும், 35 ஆண்டுகளுக்கு ரயில்களைப் பராமரிப்பதும் அதில் அடக்கம். ஒரு மெட்ரோவுக்கு வேண்டிய ரயில்களைச் செய்து முடிக்கச் சில ஆண்டுகள் போதும். அவற்றை ஓடும் நிலையில் வைத்திருக்கும் வேலையோ ஒரு தலைமுறைக்கும் மேலாக நீடிப்பது. அந்த வேலை எந்த நாட்டுத் தொழிற்சாலையில் ரயில் செய்யப்பட்டாலும் உள்ளூரிலேதான் நடந்தாக வேண்டும். ஆகவே வேலைவாய்ப்பைப் பற்றிக் கவலைப்படுவோர் தொழிற்சாலையைப் பற்றிக் கேட்பதோடு நின்றுவிடாமல், பணிமனை யார் கையில் இருக்கப்போகிறது, அங்கே பழகும் திறமை யாருக்குச் சொந்தமாகப் போகிறது என்பதையும் கேட்க வேண்டும். நியூகாசிலில் பணிமனை ஊழியர்கள் மெட்ரோ நிர்வாகத்திடமிருந்து ஸ்டாட்லர் நிறுவனத்துக்கு மாற்றப்பட்டார்கள். ரயில் ஸ்விட்சர்லாந்தில் செய்யப்பட்டது என்பதைவிட இதுவே நெடுங்காலம் விளைவு தரக்கூடிய முடிவு என்பது என் கருத்து.

கேள்வி: ‘உள்நாட்டு ரயில்’ என்று முழுமையாகச் சொல்லத்தக்க ரயில் இன்று எங்காவது இருக்கிறதா?

பதில்: மிக அரிது. பெட்டியின் உடல் ஒரு நாட்டில் செய்யப்படும். பிரேக் அமைப்பு பெரும்பாலும் உலகில் விரல்விட்டு எண்ணத்தக்க சில நிறுவனங்களிடமிருந்து வரும். மோட்டார், கதவு, குளிர்சாதனம், கட்டுப்பாட்டு மென்பொருள் ஆகியவை வேறு வேறு இடங்களிலிருந்து வந்து சேரும். ரயில் செய்யும் பெரு நிறுவனங்களும் குறைந்துகொண்டே வருகின்றன. சீனாவின் இரு அரசு நிறுவனங்கள் 2015இல் இணைந்து சி.ஆர்.ஆர்.சி. ஆயின, 2021 ஜனவரியில் பம்பார்டியரின் ரயில் பிரிவை அல்ஸ்டாம் வாங்கிக்கொண்டது.

இதில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். மெட்ரோ ரயில் என்பது கடைக்குப் போய் எடுத்துவரும் பொருளன்று. சுரங்கத்தின் அகலம், நடைமேடையின் உயரம், மின்னழுத்தம், வளைவுகளின் கூர்மை ஆகியவை நகரத்துக்கு நகரம் வேறுபடும். கிளாஸ்கோ நகரின் சுரங்க ரயில் 1,219 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட தண்டவாளத்தில் ஓடுகிறது. வேறெங்கும் ஓடும் ரயிலை அங்கே கொண்டுபோய் இறக்க முடியாது. ஒவ்வொரு நகரமும் தனக்கென்று வடிவமைத்துச் சிறு எண்ணிக்கையில் வாங்குவதால்தான் ஒவ்வொரு நாட்டிலும் ஒரு தொழிற்சாலை நிலைத்து நிற்பது கடினமாகிறது.

கேள்வி: விலை குறைவாகச் சொன்னவருக்கு ஒப்பந்தம் கொடுத்துவிட்டுப் பிறகு துன்பப்பட்ட நகரங்கள் உண்டா? அதற்குக் காரணம் அயல்நாட்டு நிறுவனமா, அதைத் தேர்ந்தெடுத்தவர்களா?

பதில்: இந்தக் கேள்விக்கு அமெரிக்காவின் பாஸ்டன் நகரைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை, ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பாஸ்டனின் ரெட் லைன் ரயில்களுள் ஒரு பகுதி 1969இலும், ஆரஞ்சு லைன் ரயில்கள் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளிலும் செய்யப்பட்டவை. மாற்று ரயில்களுக்கான முடிவு பல ஆண்டுகள் தள்ளிப்போடப்பட்டு, 2014இல்தான் 284 பெட்டிகளுக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒப்பந்தத்தை வென்ற சீன அரசு நிறுவனம் சொன்ன விலை சுமார் 56 கோடியே 60 லட்சம் டாலர். அடுத்த குறைந்த விலையைக்காட்டிலும் அது பதினைந்து கோடி டாலருக்கும் மேல் குறைவு. பின்னர் மேலும் 120 பெட்டிகள் சேர்க்கப்பட்டன. ரயில்களை மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குள்ளேயே பொருத்த வேண்டும் என்று மாநில அரசு நிபந்தனை விதித்தது. மத்திய அரசின் போக்குவரத்து நிதியைப் பெற்றால் அப்படி ஒரு மாநிலத்துக்கு மட்டும் சலுகை தர விதிகள் இடங்கொடா என்பதால், அந்த நிதியை விட்டுவிட்டு மாநிலப் பணத்தைக் கொண்டே வாங்கினார்கள். ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் அதற்கென்றே ஒரு தொழிற்சாலை எழுந்தது. உடல் சீனாவிலிருந்து வந்தாலும் வேலை நமக்குக் கிடைக்கிறது என்று மக்கள் வரவேற்றார்கள். அந்த மகிழ்ச்சி பொய்யன்று.

முதல் ஆரஞ்சு லைன் ரயில் 2019இல் ஓடத் தொடங்கியது. 2021 மார்ச்சில் அவற்றுள் ஒன்று தடம் புரண்டதைத் தொடர்ந்து புதிய ரயில்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டு, ஆகஸ்டில்தான் திரும்பின. 2022இல் பணிமனையில் நின்ற ஒரு பெட்டியின் மின்கலம் வெடித்தது. பெட்டிகள் தொழிற்சாலையிலிருந்து வெளிவருவதே மிகவும் பிந்தியது. 2023க்குள் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு, 2024 மார்ச்சில், 14 கோடியே 80 லட்சம் டாலர் வரை கூடுதலாகத் தரவும் 2027 இறுதி வரை கெடு நீட்டவும் நிர்வாகம் ஒப்புக்கொண்டது. முதலில் மிச்சம் பிடித்ததாக எண்ணிய தொகையோடு இந்தத் தொகையை ஒப்பிட்டுப் பார்த்தால், இடையில் இழந்த ஆண்டுகளுக்கு என்ன விலை என்ற கேள்வி எழாமல் இருக்காது.

இதைக் கண்ட பலர், சீன நிறுவனம் என்பதால் இப்படி ஆயிற்று என்று முடிவு கட்டினார்கள். நான் அப்படிக் கருதவில்லை. அந்த நிறுவனம் தன் நாட்டில் உலகின் மிகப்பெரிய மெட்ரோக்கள் பலவற்றுக்கு ரயில் செய்து தருகிறது. இங்கே நடந்தது வேறு. அமெரிக்காவில் அதுவரை ரயில் செய்து பழக்கமில்லாத ஒரு நிறுவனம், ரயில் பொருத்திப் பழக்கமில்லாத தொழிலாளர்களைக் கொண்டு, புதிதாகக் கட்டிய ஒரு தொழிற்சாலையில், மிகக் குறைந்த விலைக்கு வேலையை ஏற்றுக்கொண்டது. இடையே கொரோனா முடக்கமும் சீனப் பொருள்மீதான இறக்குமதி வரியும் சேர்ந்துகொண்டன. இந்த இடர்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒப்பந்தம் எழுதியவர்கள் முன்கூட்டி எண்ணியிருக்க வேண்டும். அதைவிட முக்கியமான காரணம் காலதாமதம். பழைய ரயில்கள் நாள்தோறும் பழுதாகிக்கொண்டிருக்கும் நிலையில் புதியவற்றைக் கேட்கும் நகரத்துக்குப் பேரம் பேசும் வலிமை இராது. ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் துணிவும் இராது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கியிருக்க வேண்டிய வேலையைத் தள்ளிப்போட்ட ஆட்சியாளர்கள் எல்லோருக்கும் இந்தத் துன்பத்தில் பங்கு உண்டு.

கேள்வி: அப்படியானால் உள்நாட்டில்தான் செய்ய வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டால் சிக்கல் தீராதா?

பதில்: கனடாவின் கியூபெக் மாநிலம் ஏறத்தாழ அதைத்தான் செய்தது. மாண்ட்ரியால் மெட்ரோவின் 1966ஆம் ஆண்டு ரயில்களை மாற்ற வேண்டிய நேரத்தில், ஸ்பெயினின் காஃப் நிறுவனமும் சீன நிறுவனம் ஒன்றும் போட்டிக்கு வர விரும்பின. வழக்குகளாலும் அறைகூவல்களாலும் ஆண்டுகள் கழிந்தன. இறுதியில் 2010 அக்டோபரில் மாநிலச் சட்டமன்றம் தனிச்சட்டம் ஒன்றை நிறைவேற்றி, 468 பெட்டிகளுக்கான ஒப்பந்தத்தைப் பம்பார்டியர்–அல்ஸ்டாம் கூட்டணிக்கே கொடுத்தது. லா பொக்காத்தியேர் என்ற சிற்றூரின் தொழிற்சாலை பிழைத்தது. ஆனாலும் கட்டுப்பாட்டு மென்பொருள் சிக்கலால் ரயில்கள் தாமதமாயின. முதல் ரயில் பயணிகளை ஏற்றியது 2016இல்தான். உள்ளூரில் செய்தால் தாமதம் வராது என்பதற்கு உறுதி ஏதும் இல்லை என்பதை இது காட்டுகிறது.

அதே வேளை, அந்த ரயில்கள் பயணிகளிடம் நல்ல பெயர் வாங்கின என்பதையும், தொழிற்சாலை நிலைத்ததால் பின்னர் மேலும் ரயில்கள் வாங்குவது எளிதாயிற்று என்பதையும் மறைக்கக் கூடாது. ஏற்கெனவே திறமையுள்ள தொழிலாளர்கள் இருக்கும் தொழிற்சாலையைக் காப்பாற்றுவது ஒன்று. ஒரே ஒரு ஒப்பந்தத்தை நம்பிப் புதிய தொழிற்சாலையைக் கட்டுவது வேறொன்று. முன்னதற்குக் கூடுதல் விலை கொடுப்பதை நான் ஆதரிப்பேன். பின்னதற்கு, அடுத்த ஒப்பந்தம் எங்கிருந்து வரும் என்று முதலில் கேட்பேன். ஸ்பிரிங்ஃபீல்ட் தொழிற்சாலைக்கு அந்தக் கேள்வியே பெரும் இடராக வந்தது. சீன அரசு நிறுவனங்களின் ரயில்களை மத்திய அரசின் போக்குவரத்து நிதியைக் கொண்டு வாங்கத் தடை விதித்து 2019 டிசம்பரில் சட்டம் வந்ததும், புதிய வாடிக்கையாளர்களைத் தேடும் வழி ஏறக்குறைய அடைபட்டது.

இலண்டனில் பிக்கடிலி லைன் ரயில்களை மாற்ற முடிவு செய்தபோது நடந்தது நடுவழி. 1973ஆம் ஆண்டு வடிவமைப்பைச் சேர்ந்த பழைய ரயில்களுக்கு மாற்றாக 94 ரயில்களைச் செய்யும் ஒப்பந்தம் 2018இல் ஜெர்மனியின் சீமென்ஸுக்குப் போனது. உள்நாட்டில் தொழிற்சாலை வைத்திருந்த போட்டியாளர்கள் நீதிமன்றம் வரை சென்றார்கள். சீமென்ஸ் வியன்னாவில் சில ரயில்களைச் செய்துகொண்டே, யார்க்ஷயர் பகுதியின் கூல் நகரில் தொழிற்சாலை கட்டிப் பெரும்பகுதியை அங்கே மாற்றிக்கொண்டது. பெரிய ஒப்பந்தம் என்றால் தொழிற்சாலை தானாகத் தேடி வரும். சிறிய நகரம் 40 ரயில்களுக்கு அதே நிபந்தனையை விதித்தால், போட்டியாளர்கள் விலகிக்கொள்வார்கள்; அல்லது அந்தச் செலவை விலையில் ஏற்றிவிடுவார்கள்.

கேள்வி: அயல்நாட்டு ரயில்களில் உள்ள கேமராக்களும் கணினிகளும் நம்மை உளவு பார்க்கும் என்கிறார்கள். அஞ்ச வேண்டுமா?

பதில்: ரயிலின் கணினியைத் தொலைவிலிருந்து அணுகுபவர் யார், அந்த அணுகலை நகரத்தால் துண்டிக்க முடியுமா என்று கேட்பது அறிவுடைமை. ஆனால் அந்தக் கேள்வியை அயல்நாட்டு ரயிலிடம் மட்டும் கேட்பது போதாது. போலந்தில் 2023 இறுதியில் வெளிவந்த செய்தியை எண்ணிப் பாருங்கள். வேறு பணிமனையில் பழுது பார்க்கப்பட்ட சில ரயில்கள் நகராமல் நின்றுவிட்டன. மென்பொருளை ஆராய்ந்த கணினி வல்லுநர்கள், அந்த ரயில்கள் தயாரிப்பாளரின் பணிமனையல்லாத இடத்தில் நின்றால் முடங்கிவிடும்படி நிரல் எழுதப்பட்டிருந்தது என்று குற்றம்சாட்டினார்கள். தயாரிப்பு நிறுவனம் அதை மறுத்தது. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போயிற்று. வழக்கின் முடிவு எதுவாயினும், அது போலந்து நிறுவனம் போலந்தின் மாநில ரயில்வேக்குச் செய்து கொடுத்த ரயில் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. மென்பொருளைத் திறந்து பார்க்கும் உரிமையும், எந்தப் பணிமனையிலும் பழுது பார்க்கும் உரிமையும் ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டால், சொந்த நாட்டு நிறுவனத்திடமும் நகரம் கட்டுண்டு கிடக்க நேரும்.

கேள்வி: புதியது வாங்காமல் பழையவற்றையே செப்பனிட்டு ஓட்டினால் என்ன? அல்லது வேறு நகரம் கழித்த ரயில்களை மலிவாக வாங்கினால் என்ன?

பதில்: உடல் உறுதியாக இருந்தால் செப்பனிடுவது நல்ல வழிதான். எனினும் புடாபெஸ்ட் நகரம் தன் மூன்றாம் தடத்தின் சோவியத் கால ரயில்களைச் செய்த ரஷ்ய நிறுவனத்திடமே கொடுத்துச் செப்பனிட்டபோது, 2017இல் ஓடத் தொடங்கிய சில நாட்களிலேயே கதவுக் கோளாற்றால் அவற்றை நிறுத்த நேர்ந்தது. குளிர்சாதனம் இல்லையே என்ற குறையும் கோடைதோறும் கேட்டது. செப்பனிட்ட ரயில் இன்னும் இருபது, முப்பது ஆண்டுகள் ஓடும் என்பதால், விட்டுப்போன வசதி அத்தனை ஆண்டுகளுக்கும் விட்டுப்போனதாகவே இருக்கும்.

கழித்த ரயிலை வாங்குவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. புவெனஸ் ஐரிஸ் நகரம் மாட்ரிட் மெட்ரோவிடமிருந்து வாங்கிய பழைய ரயில்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது 2018இல் தெரியவந்தது. அவற்றைத் தொட்டு வேலை செய்த தொழிலாளர்களுக்கு அது எத்தகைய அச்சம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: இவ்வளவு நுட்பமான விஷயத்தில் பொதுமக்கள் கருத்தைக் கேட்பதால் என்ன பயன்? வாக்கெடுப்பு நடத்தினால் எல்லோரும் ‘உள்நாட்டு ரயில்’ என்றுதானே சொல்வார்கள்?

பதில்: கேட்கும் விதத்தைப் பொறுத்தது. ‘ரயில் நம் நாட்டில் செய்யப்பட வேண்டுமா?’ என்று கேட்டால் பெரும்பாலோர் ஆம் என்பார்கள். ‘இரண்டு ஆண்டுகள் கூடுதலாகக் காத்திருந்து, கட்டணமும் சற்று உயர்ந்தாலும் உள்நாட்டிலேயே செய்யலாமா?’ என்று கேட்டால் அதே மக்கள் தயங்குவார்கள். இதில் முரண்பாடு ஏதும் இல்லை. முதல் கேள்வியில் விலை மறைக்கப்பட்டிருக்கிறது, இரண்டாவதில் சொல்லப்பட்டிருக்கிறது. மக்கள் கருத்து என்று தாளில் அச்சாகும் எண்களைப் படிக்கும்போது, கேட்கப்பட்ட கேள்வியின் சொற்களை முதலில் தேடிப் படிக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

எந்த நிறுவனம் என்பதில் மக்களால் நேரடியாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. டெண்டர் விதிகள் அதற்கு இடம் தருவதுமில்லை. ஆனால் எத்தகைய ரயில் என்பதில் அவர்களைவிடச் சிறந்த வல்லுநர் யாரும் இல்லை. நியூகாசிலில் டெண்டருக்கு முன்னரே பயணிகளின் கருத்தைக் கேட்டார்கள். சன்னலை ஒட்டி நீளவாக்கில் அமைந்த இருக்கைகள், பெட்டிக்குப் பெட்டி நடந்து செல்லும் வழி, நடைமேடைக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள இடைவெளியை மூட ஒவ்வொரு கதவிலும் நீளும் படி ஆகியவை புதிய ரயிலில் இடம்பெற்றன. சக்கர நாற்காலியில் வருபவருக்கும், குழந்தையை வண்டியில் தள்ளிவரும் தாய்க்கும் அந்தப் படி எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதல்ல முக்கியம். அது இருக்கிறதா என்பதே முக்கியம். ஆகவே மக்களின் குரல் ஒலிக்க வேண்டிய நேரம், வெற்றி பெற்ற நிறுவனத்தின் பெயர் வெளியாகும் நாள் அல்ல. தேவைப் பட்டியல் எழுதப்படும் மாதங்களே அதற்குரிய காலம். அந்த மாதங்களில் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை என்பது வருந்தத்தக்கது.

பழைய ரயில்கள்மீது மக்களுக்கு இருக்கும் பற்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். புவெனஸ் ஐரிஸின் ஏ தடத்தில் 1913 முதல் ஓடிய மரப்பெட்டிகள் 2013 ஜனவரியில் நிறுத்தப்பட்டபோது, அவற்றைக் காக்க வேண்டும் என்று நகரத்தில் பலர் போராடினார்கள். மாற்றாக வந்தவை சீனாவில் செய்தவை. ஆனால் நூறாண்டு ஓடிய அந்த மரப்பெட்டிகளும் பெல்ஜியத்தில் செய்து கப்பலில் வந்தவைதாம்.

கேள்வி: எங்கள் மெட்ரோவில் ஒப்பந்தம் ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டது. இனிப் பேசி என்ன பயன்?

பதில்: பயன் உண்டு. கையெழுத்துக்கும் கடைசி ரயில் வந்து சேர்வதற்கும் இடையே ஐந்து முதல் பத்து ஆண்டுகள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் எத்தனை பெட்டிகள் வந்தன, சோதனை ஓட்டத்தில் எவை தேறவில்லை, எந்தக் குறையை யார் செலவில் சரிசெய்கிறார்கள் என்ற விவரங்களை மாதந்தோறும் வெளியிடுமாறு நிர்வாகத்தைக் கேளுங்கள்.

இதன் தேவையைச் சிங்கப்பூர் உணர்த்துகிறது. கவாசாக்கியும் ஒரு சீன நிறுவனமும் சேர்ந்து செய்த 35 ரயில்களில் 26 ரயில்களின் அலுமினிய உடலில் மயிரிழை போன்ற விரிசல்கள் இருப்பது 2013இல் கண்டறியப்பட்டது; ஒவ்வொன்றாகச் சீனாவுக்குத் திருப்பி அனுப்பி உடலையே மாற்றும் வேலையும் தொடங்கிவிட்டது. பயணிகளுக்கு இது தெரியவந்தது 2016 ஜூலையில், ஹாங்காங்கின் செய்தி நிறுவனம் ஒன்று வெளியிட்ட பிறகுதான். விரிசல்களால் பயணிகளுக்கு ஆபத்தில்லை என்று போக்குவரத்து ஆணையம் விளக்கியது. உத்தரவாதத்தின்படி மாற்றும் செலவு முழுவதையும் தயாரிப்பாளர்களே ஏற்றார்கள். நகரத்தின் பணத்தை அந்த ஒப்பந்தம் நன்றாகவே காத்தது. ஆனால் மூன்று ஆண்டுகளாக ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கு ஆணையம் தந்த விளக்கம் பலருக்கு நிறைவளிக்கவில்லை. அன்றே ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தால், பழுதைக் கண்டுபிடித்து, செலவில்லாமல் சரிசெய்த நிர்வாகம் என்று மக்கள் பாராட்டியிருப்பார்கள்.